அரை அங்குலம்

ஈரி ஏரிப் பக்கம் திரும்பினால்
'நாளை நகரம்'.
எழுபத்தொன்றில் கட்டினார்களாம்,
தொண்ணூற்றொன்பதில் ஒஹாயோ
இப்படித்தான் வாழும் என்று.
தொண்ணூற்றொன்பது வந்தது,
எங்களைப் பார்த்தது,
போயும் விட்டது.
பலகையிலிருந்து ஆண்டை மட்டும் சுரண்டி எடுத்தார்கள்.
வெயில் சாய்ந்தால் இன்னும் தெரியும்
ஒன்பதுகளின் வயிறு.

எனக்கு வெள்ளி நிற மேலங்கி,
அக்குளில் தையல் விட்டது.
சனிக்கிரக விரைவு வண்டியின் வாசலில்
ஒன்பது கோடைகளாக நிற்கிறேன்.
இடுப்புக் கம்பியை அழுத்திப் பார்ப்பேன்,
பச்சைப் பொத்தானை அமுக்குவேன்.
அதற்கெல்லாம் முன்னால், உயரம்.

உயரத்துக்கு ஒரு தகர ரோபோ.
நீட்டிய கையின் கீழே
இடிக்காமல் நுழைந்துவிட்டால்
எதிர்காலத்துக்கு நீ இன்னும் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பையன்
அக்காவோடு வந்தான்.
உச்சி முடி மட்டும் உரசியது. அரை அங்குலம்.
"அடுத்த வருஷம்" என்றேன்.
அழவில்லை.
கடன் தர மறுத்தவனைப் பார்ப்பதுபோல்
ரோபோவைப் பார்த்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மறுபடி வந்தான்.
நடையில் ஏதோ மாற்றம்,
புதுச் செருப்பு கடிக்கும் மாப்பிள்ளை நடை.
தலை இடித்தது, டங் என்று.
பின்னால் எழுபது பேர் வரிசை.
மேலே மோனோரயில் வழக்கம்போல் நின்று
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.
கம்பியை அழுத்தினேன். பிடித்தது.
பச்சை.

உள்ளே மூன்று நிமிடம் முழு இருட்டு.
அலறலை வைத்தே சொல்வேன் வண்டி எங்கே என்று:
நிலவில் நீளமாக ஒரு 'ஊ',
சனியின் வளையத்தில் மௌனம், மூச்சு அங்கேதான் நிற்கும்,
பிறகு அவரவர் கடவுள்.

பையன் இறங்கினான், ஒற்றைக் காலில்.
மற்றக் காலில் காலுறை மட்டும்,
பச்சை டைனோசர் போட்டது.
நொண்டியடித்தபடி
ஒரு தளபதியைப்போல் என்னைக் கடந்தான்.
அக்காவுக்குத்தான் சிரிப்பை விழுங்கத் தெரியாமல்
இருமல் வந்தது.

பதினோரு மணிக்கு வொய்ச்சிக்
உள்விளக்குகளைப் போடுவார்.
பிரபஞ்சம் என்பது
கறுப்படித்த தகரம், நாலு ஏணி,
ஒரு துடைப்பான் வாளி.
நட்சத்திரங்களில் பாதி ஃபியூஸ்.
அடியில் வலை. வலையில்
அன்றன்று மனிதர்கள் நழுவவிட்டவை:
தொப்பிகள், மூக்குக் கண்ணாடி,
போன ஜூலையில் ஒரு பல்செட்,
அதைக் கேட்டு யாரும் வரவில்லை.
ஒருமுறை நிச்சயதார்த்த மோதிரம்.
அதற்கு இரண்டு பேர் வந்தார்கள்,
தனித்தனியாக.

வளையத்துக்கு நேர் கீழே ஷூ.
உள்ளே எட்டாய் மடித்த செய்தித்தாள்,
குதிகால் அச்சு பதிந்து, ஈரம் காயாமல்.
பிரித்தேன். வானிலைப் பக்கம்.
'நாளை: ஏரிக் காற்று. மாலையில் மழைக்கு வாய்ப்பு.'

"எவ்வளவு குறைவு?" என்றார் வொய்ச்சிக்.
"அரை அங்குலம்."
ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.
முப்பத்தோரு வருஷமாகக் கம்பி முடுக்குபவர்,
அரை அங்குலத்தில் எதெது நழுவும் என்று தெரிந்தவர்.
அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது,
அந்த வளைவில்
கம்பிக்கும் சின்னத் தொடைக்கும் நடுவே இருந்த
காற்றை நினைத்து.

அறிக்கை எழுதினேன்.
நேரம், பெட்டி எண், பெயர்: டெலோரஸ் ப்ராங்க்.
காரணம் என்ற கட்டத்தில்
'காலைப் பார்க்கவில்லை' என்று எழுதி,
அடித்து,
'முகத்தைப் பார்த்தேன்' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
கட்டம் அவ்வளவுதான் பெரியது.

வெள்ளி மாலை சொன்னபடியே மழை.
வண்டி ஓடவில்லை.
ரோபோவின் காலடியில் வொய்ச்சிக்
புதுப் பலகை ஒன்றை அறைந்துகொண்டிருந்தார்:
'ஷூவைக் கழற்றவும்.'

சன்னலுக்கு அக்கா மட்டும் வந்தாள்.
தம்பி காரில் ஒளிந்திருக்கிறானாம்.
ஷூவை வாங்கிக் கவிழ்த்துத் தட்டி
தாளை என்னிடமே நீட்டினாள்:
"இது பழசு."

இன்றைக்கு வந்துவிட்ட நாளை.
குப்பைத் தொட்டிக்கும் இங்கே ரோபோ வாய்தான்.
போட்டேன்.
எழுபத்தொன்றில் பதிவான யாருடைய குரலோ,
ரொம்ப நம்பிக்கையான குரல்,
"நன்றி, பூமிவாசியே" என்றது.